குளவியை விட்டுவிட்டுக் காத்திருக்கிற வேலை

பூச்சியை ஒழிப்பதுதான் உங்கள் வேலையா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையைச் சொல்லப் போனால் என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் பூச்சிகளுக்குத் தீனி போட்டு வளர்ப்பதிலேயே போனது. ராமநாதபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணியில்லாக் காடுதான் ஞாபகத்துக்கு வரும், ஆனால் கடலோரமாக உச்சிப்புளி, மண்டபம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை என்று போய்ப் பார்த்தால் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும், அதை நம்பித் தென்னந்தோப்பு நிற்கும். அந்தத் தோப்புகளுக்கு ஒட்டுண்ணிக் குளவி, அதாவது மரத்தைத் தின்கிற புழுவின் மேல் முட்டை வைத்து அதை அழிக்கிற சின்னக் குளவி, கொண்டுபோய் விடுவதுதான் என் வேலை. வேளாண் கல்லூரியில் பூச்சியியல் படித்தபோது இதை ஒரு பாடமாகப் படித்தேன், அவ்வளவுதான். இதுவே பிழைப்பாகும் என்று அப்போது நினைக்கவில்லை.

இங்கே தென்னைக்கு வருகிற தொல்லைகளில் கருந்தலைப் புழு தனி ரகம். ஓலையின் அடிப்பக்கத்தில் நூலையும் தன் எச்சத்தையும் சேர்த்து ஒரு குழாய் மாதிரி கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே இருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். மேலே எதுவும் தெரியாது. கோடை முற்றும்போதுதான் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரிகிற மாதிரி கீழ் மட்டைகளெல்லாம் தீய்ந்து நிற்கும். "யாரோ தீ வச்ச மாதிரி இருக்கும்மா" என்பார்கள். அவ்வளவு உயர மரத்துக்கு மருந்து அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அடித்தாலும் குழாய்க்குள் இருக்கிற புழுவுக்குச் சரியாகப் போய்ச் சேராது. அதற்காகத்தான் ஒரு காலத்தில் மோனோகுரோட்டோபாஸை வேர் வழியாக ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினால் 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது. இளநீர் விற்றுக் குடும்பம் நடத்துகிறவர் எத்தனை பேர் 45 நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இந்தப் புழுவுக்கு எமனாக இருக்கிற குளவிதான் கோனியோசஸ் நெபன்டிடிஸ். குளவி என்றதும் கொட்டுமா என்றுதான் முதல் கேள்வி வரும். எறும்பு அளவுகூட இருக்காது, கறுப்பாக, சோற்றுப் பருக்கையில் பாதி நீளம். அது கொட்டுவது புழுவை மட்டும்தான்.

அதை வளர்க்க முதலில் அதற்கு இரை வேண்டும், அந்த இரைதான் அரிசி அந்துப்பூச்சியின் புழு. ஒன்றிரண்டாக உடைத்த கம்பு, அதோடு கொஞ்சம் நிலக்கடலைப் பருப்பு, ஈஸ்ட், சிற்றுண்ணி வராமலிருக்கக் கந்தகத்தூள், பாக்டீரியாவுக்காக ஸ்ட்ரெப்டோமைசின், எல்லாம் கலந்து தட்டில் நிரப்பி, மேலே அந்துப்பூச்சியின் முட்டையைத் தூவி, காடாத் துணி கட்டி மூடி வைத்துவிட வேண்டும். 40 நாளுக்குப் பிறகு அந்துப்பூச்சிகள் வெளியே வர ஆரம்பிக்கும். வெளியாட்கள் பார்க்காத பகுதி இங்கேதான் இருக்கிறது. அந்துப்பூச்சியின் இறக்கைச் செதில் மாவுத்தூள் மாதிரி அறை முழுக்கப் பறக்கும், மூக்கில் ஏறும், நாளாக ஆக இருமல், இழுப்பு என்று வரும். எங்கள் ஆய்வகத்தில் அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்ட அக்கா ஒருவர் முகத்தில் துணி கட்டாமல் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டார். படித்துப் பட்டம் வாங்கிப் புதிதாக வருகிற பிள்ளைகள் சும்மா உள்ளே நுழைந்தால் அவர் போடுகிற சத்தத்தில் திரும்பி ஓடிவிடும். இயற்கை முறை என்பதால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று மேடையில் பேசுகிறவர்களை அந்த அக்காவோடு ஒரு வாரம் வேலை பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. பிராக்கான் என்று இன்னொரு குளவி, அதையும் இதே கருந்தலைப் புழுவுக்காகத்தான் வளர்த்தோம். அது எப்படியோ தப்பித்து அந்துப்பூச்சி வளர்க்கிற அறைக்குள் போய்விட்டால் தீர்ந்தது கதை, தட்டுத் தட்டாகப் புழுக்களைக் கொட்டிச் சாய்த்துவிடும். தோப்பில் நன்மை செய்யும் பூச்சி என்று சுவரொட்டியில் படம் போடுகிற அதே பிராக்கானை ஆய்வகத்துக்குள் நாங்கள் விரட்டி விரட்டி அடித்திருக்கிறோம். எது தீமை செய்யும் பூச்சி என்பது அது நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்று எனக்கு முதலில் உறைத்தது அங்கேதான்.

கோனியோசஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், மறைக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் ஒரு தாய்க் குளவியையும் ஒரு புழுவையும் விட்டுவிட்டு, தேன் ஒரு பொட்டு வைத்து, பஞ்சால் அடைத்து வைப்போம். தன்னைப் போலப் பல மடங்கு இருக்கிற புழுவின் மேல் ஏறி அங்கங்கே கொட்டும், புழு துள்ளித் துள்ளி அப்புறம் அசையாமல் போகும், சாகாது. அதன் உடம்பின் மேலேயே வரிசையாக முட்டை வைக்கும். பெரும்பாலான ஒட்டுண்ணிகள் முட்டை வைத்த கையோடு அடுத்த இரையைத் தேடிக் கிளம்பிவிடும், இது அப்படியில்லை. பக்கத்திலேயே காவல் நிற்கும். குஞ்சுகள் பொரிந்து, புழுவை உறிஞ்சி வளர்ந்து, கூடு கட்டுகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராது. குழாயை விரலால் தட்டிப் பார்த்தால் ஓடாது, திரும்பி நம்மைப் பார்த்து நிற்கும். இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை இறக்கையோடு தயார்.

வளர்த்தாயிற்று, விட வேண்டும். ஹெக்டேருக்கு 3,000 குளவி என்பது பரிந்துரை. மரம் ஏறுகிற அண்ணன் ஒருவர் என்னோடு வழக்கமாக வருவார். புழு இருக்கிறது மேலே, குளவியைக் கீழே தூரில் திறந்து விடுகிறீர்களே, நான் ஏறிக் குருத்துப் பக்கம் விட்டால் சுருக்க வேலை முடியாதா என்று விடாமல் கேட்பார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கொண்டைப் பகுதியில் சிலந்தியும் நாவாய்ப் பூச்சியும் காத்துக்கொண்டிருக்கும், குழாயைத் திறந்தால் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். கீழே விட்டால் குளவி தானாக மோப்பம் பிடித்துத் தீய்ந்த மட்டைக்குப் போய்ச் சேரும். இதைச் சொன்னதும் அவர் ஒரு மரத்தில் ஏறிச் சிலந்தி கட்டியிருந்த வலையோடு ஒரு மட்டைத் துண்டை ஒடித்துக்கொண்டு வந்து, "நெசந்தான் மேடம்" என்றார். அதற்குப் பிறகு தோப்புக்காரர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார், என்னை விட நன்றாகவே சொன்னார்.

காற்று வேறு ஒரு தொல்லை. கச்சான் வீச ஆரம்பித்துவிட்டால் பாம்பன் பக்கம் ஆளையே தள்ளும், மணலை வாரி முகத்தில் அடிக்கும், அதில் இந்தத் தூசி அளவுக் குளவி எம்மாத்திரம். விடியற்காலையில் காற்று கிளம்புவதற்கு முன் போய் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். புழு சின்னதாக இருக்கும்போதே விடவும் வேண்டும், பெருத்துக் கூடு கட்டிய பிறகு விட்டுப் பலனில்லை. ஜனவரியிலேயே தொடங்கிவிட்டால் கோடைக்குள் கட்டுப்பட்டுவிடும். குளவி பொரிகிற தேதி எங்களுக்குத் தெரியும். ஆனால் வண்டிக்கு டீசல் போட அனுமதி வருகிற தேதி யாருக்குத் தெரியும்? குழாயில் தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிற குளவி, கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிற வரை உயிரோடு இருக்காது. ஈரத்துணி சுற்றிய பையோடு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துப் போன நாட்கள் உண்டு. பூச்சிமருந்துக் கடைக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது, அவர் பாட்டில் அலமாரியில் வருடக்கணக்கில் இருக்கும். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய தனியார் ஒட்டுண்ணி வளர்ப்பு முயற்சிகள் பல தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். காத்திருக்க வேண்டும். பெரியபட்டினத்துப் பக்கம் தோப்பு வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம், "பாய், கொஞ்ச நாள் எந்த மருந்தும் வேண்டாம், அடிச்சா குளவிதான் முதல்ல சாகும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்ல தீப்பிடிச்சிருக்கு, தண்ணி ஊத்தாம இருன்னு சொல்றீகளே" என்றார். அதற்கு என்னிடம் புத்தகப் பதில் இருந்தது, ஆனால் அவருக்கு அதில் என்ன ஆறுதல்? அவர் பொறுத்துக்கொண்டார் என்பது பெரிய விஷயம். பக்கத்துத் தோப்புக்காரர் பொறுக்கவில்லை, ஆள் வைத்து உயரமான தெளிப்பானால் அடித்தார், காற்றில் பாதி மருந்து இவர் தோப்புக்கு வந்தது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். குளவிக்கு வேலி தெரியாது. நாலு தோப்புக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் சம்மதித்தால் ஒழிய தனி ஒருவர் தோப்பில் விட்டுப் பெரிய பிரயோசனமில்லை என்று நான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் சொல்வேன்.

சரி, அந்தத் தோப்பு புது மட்டை விட்டுப் பச்சையாக வந்ததா என்றால், வந்தது. யாருக்கு நன்றி சொன்னார் என்றால், மழைக்கு. "நல்ல மழை பேஞ்சுச்சும்மா, புழுவெல்லாம் போயிருச்சு." மழைக்கும் பங்கு இருக்கிறதுதான், நான் மறுக்கவில்லை.

இந்தத் துறையில் யாரும் மழைக்குப் பெயர் கொடுக்க முடியாத ஒரு வெற்றி பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோயம்புத்தூரில் தெரிந்தது, அடுத்த வருடத்துக்குள் திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை பூத்து நின்றது, நம் பக்கம் வீட்டுக்கு வீடு பப்பாளியும் செம்பருத்தியும் போனது. எவ்வளவு அடித்தாலும் அந்த மாவுப் பூச்சைத் தாண்டி மருந்து இறங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து, பெங்களூருவில் தனிமைப்படுத்தி வைத்துப் பரிசோதித்து, அப்புறம் மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்பது சில மாதங்களில் ஆளே தெரியாமல் மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. விவசாயிகளுக்கு ஒரு பைசா செலவில்லை. இன்றைக்கு ஒரு பப்பாளிக்காரரிடம் அந்த மாவுப்பூச்சியைப் பற்றிக் கேட்டால் எந்த மாவுப்பூச்சி என்று கேட்பார், எங்கள் தொழிலில் கிடைக்கிற மிகப் பெரிய சான்றிதழ் அது.

அப்புறம் 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தக் கடற்கரைக்கும் வந்தது. ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருள், கீழே உள்ள மட்டையில் கரி அப்பினது போலக் கரும்பூசணம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அதனால் மருந்து கேட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. இதற்கு நாங்கள் புதிதாக எதையும் இறக்குமதி செய்யத் தேவைப்படவில்லை, முன்பு வந்த வேறொரு சுருள் வெள்ளை ஈயோடு வந்து சேர்ந்த என்கார்சியா குவாடலூபே என்ற குளவி ஏற்கெனவே நாட்டில் இருந்தது. மருந்து அடிக்காமல் இருந்தாலே அது பெருகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரை விசையாக அடியுங்கள், கரும்பூசணத்துக்கு மைதா மாவுப் பசையைக் கரைத்துத் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும், அவ்வளவு போதும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. கடைசியில் பேச்சைக் குறைத்துக்கொண்டு கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். ஓலையில் ஒட்டியிருக்கிற கூட்டுப்புழுவில் டி எழுத்து வடிவில் பிளந்திருந்தால் வெள்ளை ஈ வெளியே போயிருக்கிறது, வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி போயிருக்கிறது. நீங்களே எண்ணிப் பாருங்கள், வட்டம் அதிகமாக இருந்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். இந்த ஒரு உத்தி எத்தனையோ கூட்டங்களை விட நன்றாக வேலை செய்தது. வட்ட ஓட்டை உள்ள தோப்பிலிருந்து ஓலைத் துண்டு வெட்டி அடுத்த தோப்பில் குத்தி வைக்கிற அளவுக்குச் சிலர் தேறிவிட்டார்கள்.

ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு இந்தத் துறையில் இருந்தால் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. சீமைக் கருவேலத்துக்கு ஒரு பூச்சி கொண்டுவரக் கூடாதா? கேட்பவர்களில் வயதானவர்கள் சப்பாத்திக் கள்ளியை உதாரணம் காட்டுவார்கள், அவர்கள் அப்பா தாத்தா சொன்ன கதை. கதை உண்மைதான். 1926-ல் இலங்கையிலிருந்து, இந்தக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, கொச்சினீல் பூச்சி கொண்டுவந்து விட்டார்கள், தென்னாட்டில் காடாகக் கிடந்த கள்ளி சில வருடங்களில் சரிந்து போனது. ஆனால் கள்ளியை நம்பி யாரும் அடுப்பெரிக்கவில்லை. கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் இங்கே மழை பொய்த்த வருடங்களில் கிராமம் கிராமமாகப் பிழைத்திருக்கிறார்கள். மிளகாய் போட்டு நட்டப்பட்டவர் கடனை அடைத்தது கரிமூட்டத்தில். அதே மரம் கண்மாயை அடைத்து, ஓடையை மறித்து, வயலைத் தின்றது என்பதும் பொய்யில்லை. ஒரே வீட்டில் அண்ணன் கண்மாய்க்காக மரத்தை ஒழி என்பார், தம்பி கரிக்காக விடு என்பார். பூச்சியை ஒரு தடவை விட்டால் திரும்பக் கூப்பிட முடியாது, ஆகவே தம்பியும் சரி சொன்ன பிறகுதான் விட முடியும்.

தென்னாப்பிரிக்காவில் இதே சிக்கல் வந்தபோது மரத்தைக் கொல்லாமல் விதையை மட்டும் தின்னும் வண்டை 1987-ல் கொண்டுவந்தார்கள், நிற்கிற மரம் நிற்கட்டும், பரவாமல் இருந்தால் போதும் என்று. ஆஸ்திரேலியாவில் இலையைச் சுருட்டித் தின்கிற அந்துப்பூச்சியை விட்டார்கள், அவர்களுக்குக் கரி பெரிய பிழைப்பில்லை. நம் ஊருக்கு என்னிடம் கேட்டால் விதை வண்டுக்கு மட்டும் தலையசைப்பேன், அதுவும் நம் கோயில்களில் நிற்கிற வன்னி மரத்தின் காயை அது தொடாது என்று தனிமைக் கூண்டில் காட்டிய பிறகு. வன்னியும் சீமைக் கருவேலமும் நெருங்கிய சொந்தம், வண்டுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலை தின்கிற பூச்சி என்றால் கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு வேறு வேலைக்கு வழி சொல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.