இரண்டு கிலோமீட்டர் நகரம்

5 மார்ச் 2013, செவ்வாய்

காலை ஆறு மணிக்குப் போன மின்சாரம் ஒன்பதுக்கு வந்தது. பத்துக்கு மறுபடி போய்விட்டது. மதுரையில் இப்போது இதுதான் கடிகாரம்.

அமெரிக்காவில் இன்று, நகரம் கட்டி மேயராக ஆளும் கணினி விளையாட்டான சிம்சிட்டியின் புதிய பாகம் வெளியாகிறது. நான்காவது பாகம் வந்தது 2003-இல். நான் கல்லூரியில் இருந்தேன். பத்து வருடக் காத்திருப்பு. ஆனால் இதை ஆடும்போதெல்லாம் இணைய இணைப்பு இருந்தே தீர வேண்டுமாம், தனியாக உட்கார்ந்து ஆடினாலும். எங்கள் இன்வர்ட்டர் ஒரு மின்விசிறியையும் இரண்டு குழல்விளக்கையும் தாங்கும். ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் மேயர், தன் வீட்டில் மின்சாரம் இல்லாமல் பதவி இழக்கப் போகிறார். இப்போதைக்கு வாங்குவதாக இல்லை.

9 மார்ச் 2013, சனி

சர்வர்கள் படுத்துவிட்டன. காசு கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய இணையக் கடை ஒன்று தரவிறக்க விற்பனையையே நிறுத்தி வைத்தது. சுமையைக் குறைக்க ஆட்டத்தின் மிக வேகமான ‘சிறுத்தை’ வேகத்தையும் எடுத்துவிட்டார்கள். மின்வெட்டு நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

17 மார்ச் 2013, ஞாயிறு

நகரக் கணக்கில் பெரும்பகுதி சர்வரில் நடக்கிறது, அதனால்தான் இணையம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். ஒருவர் நிரலில் கை வைத்து, இணைப்பைத் துண்டித்த பிறகும் நகரம் பாட்டுக்கு ஓடுவதைக் காட்டிவிட்டார். இன்னொன்றும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஊர் வளர வளர, திரையில் காட்டும் மக்கள்தொகை நிஜமாக நடமாடும் ஆட்களைவிடப் பல மடங்காம். ஊதிக் காட்டுவதற்கென்றே ஒரு சூத்திரம் இருக்கிறது. பொதுக்கூட்டத்துக்கு வந்த கூட்டத்தை எண்ணுவது போல.

மாலை பரணில் இருந்து பழைய பாகமான சிம்சிட்டி 2000-இன் குறுந்தகட்டை எடுத்துத் துடைத்தேன். முதன்முதலில் அதை ஆடியது ஒரு பிரௌசிங் சென்டரில். 1950-இல் ஊரைத் தொடங்கி, 4,000 கொடுத்து நிலக்கரி மின்நிலையம் ஒன்று வைத்தேன். பிறகு அதை மறந்தே போனேன். ஆட்டத்தில் 2000-ஆம் ஆண்டு வந்தது. ஐம்பது வருடம்தான் அதன் ஆயுள் என்று யாருக்குத் தெரியும்? வெடித்துத் தீப்பிடித்து, ஊரே இருண்டது. பின்னால் ஆள் காத்துக்கொண்டிருக்க, மணிக்கணக்குக் காசும் ஓடிக்கொண்டிருக்க, வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். தொடக்கத்தில் செய்த ஒன்று ஐம்பது வருடம் கழித்து வந்து கதவைத் தட்டும் ஆட்டம் அது. அன்று பிடித்த பித்து.

22 மார்ச் 2014, சனி

ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்தச் செவ்வாய்க்கிழமை இணையம் இல்லாமல் ஆடும் வசதியைத் தந்துவிட்டார்கள். தம்பி பெங்களூரிலிருந்து குறுந்தகட்டை அனுப்பியிருந்தான், “அண்ணா, உன் பழைய காதலி” என்று சீட்டு எழுதி.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அழகாக இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கொலு பொம்மை நகரம் போல இருக்கிறது. சாலையை வளைத்துப் போடலாம். தீயணைப்பு நிலையத்தோடு வண்டிக் கொட்டகையை ஒட்ட வைக்கலாம். குழாய் பதிக்கும் வேலை இல்லை. தண்ணீர், மின்சாரம், சாக்கடை எல்லாம் சாலையோடு போய்விடுகின்றன. சாக்கடை வரைபடத்தைத் திறந்தால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழுப்பு உருண்டைகள் கிளம்பிச் சாலைக்கு அடியில் உருண்டு போகின்றன. அதையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, “இது என்னடா, கடலை உருண்டையா?” என்றார்கள். விளக்கவில்லை.

23 மார்ச் 2014, ஞாயிறு

ஒவ்வொரு பாகத்திலும் நான் முதலில் கட்டுவது மதுரையைத்தான். நடுவில் கோயிலுக்காக ஒரு பூங்கா, அதைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதிகள். வெளி வீதி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். நிலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான் நகரம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கோரிப்பாளையம் எல்லைக் கோட்டுக்கு அப்பால். மாட்டுத்தாவணியைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்காவது பாகத்தின் பெரிய நிலம் பக்கத்துக்கு நான்கு கிலோமீட்டர். அதன் எல்லையில் அடுத்த ஊர் ஒட்டியபடி தொடங்கும். இங்கே அடுத்த ஊர் தொலைவில் மங்கலாகத் தெரிகிறது. இடையில் இருப்பதெல்லாம் தொட முடியாத வெறும் புல்வெளி. உள்ளே வர ஒரே ஒரு நெடுஞ்சாலை. அந்த வாயிலில் நெரிசல் சித்திரைத் திருவிழா போல.

மாலைக்குள் நிலம் நிரம்பிவிட்டது. இனி இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஐம்பது வருடம் கழித்து வெடிக்க இந்த ஊரில் எதற்கும் நேரமில்லை.

29 மார்ச் 2014, சனி

இன்று ஒருவரைப் பின்தொடர்ந்தேன். எந்த மனிதரைச் சொடுக்கினாலும் பெயர் காட்டுகிறது. அவரோடு கூடவே போகலாம். மாசி வீதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தெருவின் மூலை வீட்டிலிருந்து காலையில் கிளம்பினார். தொழிற்சாலைக்குப் போனார். மாலையில் வெளியே வந்தார். வழியில் முதலில் தென்பட்ட காலி வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அது அவர் வீடே இல்லை! நான்கு தெரு தள்ளி, வேறு யாரோ காலையில் விட்டுப்போன வீடு. மறுநாள் காலை அங்கிருந்து கிளம்பி, வழியில் எந்த வேலை முதலில் கிடைத்ததோ அதற்குள் புகுந்தார். பள்ளிக் குழந்தைகளும் அப்படித்தான். சாக்கடை உருண்டை போல உருள்கிறார்கள்; ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே விழுகிறார்கள்.

சிறிய நிலத்தை மன்னிக்கலாம். இது மனதை என்னவோ செய்தது. பழைய ஆட்டத்தில் ஆட்களே கண்ணில் படமாட்டார்கள். கட்டங்களும் எண்களும்தான் இருந்தன, ஆனாலும் அந்த வீடுகளுக்குள் குடும்பங்கள் இருப்பதாக நான் நம்பினேன். இங்கே ஆளைக் கண்ணெதிரே நிறுத்தி, பெயரும் வைத்து, ஒரு வீடு கொடுக்க மறந்துவிட்டார்கள்.

6 ஏப்ரல் 2014, ஞாயிறு

தேர்தல் பிரச்சார வண்டிகளின் சத்தம். ஆட்டத்தைத் திறக்கவில்லை.

இதை முதலில் உருவாக்கிய வில் ரைட்டை நினைத்துக்கொண்டேன். ஹெலிகாப்டரில் பறந்து குண்டு போடும் ஆட்டம் ஒன்றைச் செய்தபோது, குண்டு போடுவதைவிட அதற்கான தீவுகளை வரைவதே சுகமாக இருப்பதைக் கண்டுகொண்டவர் அவர். அதிலிருந்து 1989-இல் பிறந்தது சிம்சிட்டி. வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, இதை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் தயங்கினார்கள். அவர் 2009-இலேயே நிறுவனத்தைவிட்டுப் போய்விட்டார்.

5 மார்ச் 2015, வியாழன்

அமெரிக்காவின் எமரிவில்லில் இருந்த, சிம்சிட்டியைச் செய்த மேக்சிஸ் ஸ்டூடியோவை மூடுகிறார்களாம். தம்பி இரவில் அழைத்தான். ஆட்டத்தைத் திட்டியதை எல்லாம் ஞாபகப்படுத்தி, “இப்போது சந்தோஷமா?” என்றான். இல்லை.

14 மார்ச் 2015, சனி

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ். பின்லாந்தில் ஒரு சிறிய குழு செய்த இன்னொரு நகரம் கட்டும் ஆட்டம், செவ்வாயன்று வெளிவந்தது. தொடக்கத்தில் தருவது ஏறக்குறைய அதே இரண்டு கிலோமீட்டர் சதுரம். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஊர் வளர வளர அக்கம்பக்கத்துச் சதுரங்களைக் காசு கொடுத்து வாங்கலாம், மொத்தம் ஒன்பது வரை. முதல் காசில் ஆற்றுப் பக்கத்தை வாங்கிப் பாலம் போட்டேன். கோரிப்பாளையம் வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. கட்டடங்களுக்கு அந்தப் பழைய அழகு இல்லை. நிறுத்த இடம் கிடைக்காதவர்கள் காரைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது போல மறையச் செய்துவிடுகிறார்கள்.

ஒரு பெண்மணியைச் சொடுக்கினேன். வீடு எது, வேலை எங்கே என்று இரண்டும் எழுதியிருந்தன. பின்னாலேயே போனேன். பாலத்தில் நெரிசல், நான் போட்ட பாலம், என் தவறுதான். அந்தப் பக்கம் போய், வேலை முடித்து, அதே பாலத்தில் மறுபடி மாட்டிக்கொண்டு, கிளம்பிய அதே வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்.