வேலையில் இருந்துகொண்டே சி.இ.இ.டி. எழுதப்போகிறவர்களுக்கு

டிசைனராகச் சில வருஷம் வேலை பார்த்த பிறகு எம்.டெஸ்., அதாவது டிசைனில் முதுகலை, படிக்கலாமா என்று கேட்பவர்கள், அடுத்த வரியிலேயே வயசாகிவிட்டது, ஐ.ஐ.டி. எல்லாம் நமக்கு எதற்கு என்று தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் படிப்பில் சேர்வதற்காகப் பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் நுழைவுத்தேர்வுதான் சி.இ.இ.டி.; இதற்கு வயது வரம்பே கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டுப் படிப்பு இருந்தால் போதும், அது இன்ஜினியரிங்காக இருக்க வேண்டியதில்லை.

தேர்வில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி கம்ப்யூட்டரில், அதில் தேறினால்தான் இரண்டாம் பகுதியைத் திருத்துவார்கள். ஆனால் இறுதி மதிப்பெண்ணில் முதல் பகுதிக்கு 25 சதவீதம்தான், கையால் வரைந்து எழுதும் இரண்டாம் பகுதிக்கு 75. முதல் பகுதியில் எண்ணாக விடை தரும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை, அதனால் அவற்றில் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

தப்பாகிவிடுமோ என்ற பயம் நிஜமாகவே வேலையைக் காட்டுவது இரண்டாம் பகுதியில்தான். டீக்கடையில் மாஸ்டர் டீ ஆற்றுவதை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தையின் கண்ணிலிருந்து வரையச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயந்த கை பக்கத்தின் நடுவில் சின்னதாக ஒரு மேசையை நேர் எதிராகப் போடும், மாஸ்டரை விறைப்பாக நிறுத்தும், விரல்கள் சரியாக வராது என்பதற்காகக் கையைப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கும், அப்புறம் பாதி நேரம் ரப்பரில் போய்விடும். அதே கேள்வியை ஆசையாகப் படித்துப் பாருங்கள். அந்தக் குழந்தைக்கு மேசையின் அடிப்பக்கம் தெரியும், பிஸ்கட் ஜாடிகளின் அடிவட்டம் தெரியும், மாஸ்டரின் தாடை தெரியும், தலைக்கு மேலேயிருந்து டீ நீளமாக இறங்கும். இதை வரையும்போது விரல் ஒன்று கோணலாகப் போனாலும் பரவாயில்லை, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பது தாளில் தெரிந்துவிடும்.

வேலையில் இருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் சம்பளமே கரெக்‌ஷன் வராத டிசைனுக்குத்தான் என்று கை பழகிப்போயிருக்கும். எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் முதலில் மனதில் வந்ததை விட்டுவிட்டு, க்ளையன்ட் ஓகே சொல்லக்கூடியதைத்தான் அனுப்புவோம். தேர்வுக்குத் தயாராகும் மாதங்களில் அந்தப் பழக்கத்தை வேண்டுமென்றே உடைக்க வேண்டியிருந்தது. நான் செய்தது இதுதான்: தினமும் ராத்திரி பென்சிலையும் ரப்பரையும் எடுத்துவைத்துவிட்டு, பால்பாயிண்ட் பேனாவால் இருபது நிமிஷத்துக்குள் ஒரு படம். கேள்வியைப் படித்ததும் இதில் எனக்குப் பிடித்தது எது என்று மட்டும் கேட்டுக்கொள்வேன், மார்க் பற்றி யோசிப்பதில்லை. மறுநாள் அந்தத் தாளை, திருத்தாமல், டிசைன் தெரியாத ஒருவரிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்வேன். அவர் தடுமாறும் இடம் எதுவோ அதுதான் அன்றைய பாடம்.

பிரச்சினையைக் கண்டுபிடித்துத் தீர்வு சொல்லும் கேள்விக்கு வேலை அனுபவம் பெரிய பலம், இதை நம்புங்கள். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி இருந்த துண்டு கடையிலேயே நின்றுவிடும், வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அது பழையதா புதியதா என்றே தெரியாது. இப்படிக் கண்ணெதிரே இருப்பதை எழுதுங்கள், பறக்கும் கார் வேண்டாம்.

மதிப்பெண் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். தேறிய பிறகு ஒவ்வொரு கல்வி நிறுவனத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணலுக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்பார்கள். அச்சுக்குப் போன வேலைகளோடு, க்ளையன்ட் வேண்டாம் என்று சொன்ன, ஆனால் உங்களுக்குப் பிடித்த ஒன்றிரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது எப்படி உருவானது என்று காட்டும் கிறுக்கல் தாள்களோடு.