சங்கு

மே 29, வியாழன்

காலையில் கண் விழித்தபோது விரல் கழுத்தில் இருந்தது. மூன்றாவது நாளாக இப்படி.

ஜூன் 1, ஞாயிறு

பாலக்கரை கறிக்கடை. "சூப்புக்கா டாக்டரம்மா?" என்றார் பாய். இல்லை, படிக்க என்றேன். வாய் வழியே டியூப் இறங்காமல் மூச்சடைத்துப் போகிறவர்களுக்குக் கழுத்தை வெட்டி மூச்சுக்குழாயில் டியூப் விடுவதைப் பழகத்தான். மூச்சுக்குழாயை எடுத்து நீட்டினார். போன மாதம் முழுக்க வாங்கியதும் இதைத்தான். தொண்டை முடிச்சு எங்கே பாய் என்று கேட்டேன். "அது தலையோட போயிரும்மா. அறுப்பு அதுக்குக் கீழதான் விழும். சங்கு வேணும்னா தலைக்கறிக்காரங்கிட்டல்ல கேக்கணும்!"

மூன்று வருடம் மயக்கவியல் எம்.டி. படித்தவள், வெறும் குழாயை வாங்கி வந்து அதில் சங்கைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஆட்டுச் சங்கு நல்லதுதான். கத்தி இறங்கும்போது வரும் அந்த 'டப்' வேறு எதிலும் வராது. ஆனால் வெட்ட வேண்டிய இடைவெளி ரொம்பச் சின்னது, மனிதர்களுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டராவது இருக்கும். தினமும் ஆட்டுக்கு எங்கே போவது? அதனால் இரண்டாவது மாடல். தூக்கிப்போட வைத்திருந்த, மயக்க மெஷினில் மாட்டும் பெயின் சர்க்யூட்டின் நெளிவுக் குழாய்தான் மூச்சுக்குழாய். தைராய்டு, கிரிக்காய்டு குருத்தெலும்புகள் இரண்டும் எம்-சீலில் பிடித்தது. நடுவில் சவ்வுக்கு டைனபிளாஸ்ட் ஒட்டுப்பட்டை, மேலே கொழுப்புக்கு ஸ்பாஞ்ச், தோலுக்குப் பழைய சைக்கிள் டியூப். கிரிக்காய்டு மோதிரம் இரண்டு தடவை கோணலாகிவிட்டது. மூன்றாவது பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒரு நொடி நம்பலாம். மொத்தம் 140 ரூபாய்.

ஜூன் 5, வியாழன்

ரத்தம் வராமல் பழகிப் பிரயோஜனமில்லை. வெட்டின உடனே குழி நிறைந்துவிடும், அப்புறம் கண்ணுக்கு வேலை இல்லை, விரல்தான். ஐவி செட் குழாயைத் தோலுக்கடியில் ஓட்டி ரோஸ்மில்க் சிரப்பைக் கரைத்து விட்டேன். பிரமாதம். ராத்திரி பார்த்தால் மேஜை முழுக்க எறும்பு, கழுத்துக்குள்ளேயே வரிசை கட்டிப் போகிறது.

ஜூன் 6, வெள்ளி

கேசரி பவுடர். ஆரஞ்சு ரத்தம். வேண்டாம், பீட்ரூட்.

ஜூன் 7, சனி

பக்ரீத். பாய் வீட்டுப் பிரியாணி வந்தது. சங்கு நாளைக்காம்.

ஜூன் 8, ஞாயிறு

பதினான்கு! கழுவி, ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்தேன். அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள், மூடினாள், மாவுத் தூக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

ஐந்தாவது தடவை 31 வினாடி.

2003இல் வந்த ஒரு ஆய்வு. 102 மயக்கவியல் மருத்துவர்கள், பொம்மையில் ஆளுக்குப் பத்து முறை. ஐந்தாவது முறைக்குள் அநேகமாக எல்லோருமே 40 வினாடிக்குள் முடித்துவிட்டார்கள். அந்தக் கணக்குப்படி நான் தேறிவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே.

ஆனால் பொம்மை தானாக நீலமாகாது. ஆக்ஸிமீட்டர் சத்தம் படிப்படியாகக் கட்டைக் குரலுக்கு இறங்காது. யாரும் "இன்னொரு தடவை டியூப் போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லமாட்டார்கள். பத்தாம் நம்பர் பிளேடு, டியூபுக்கு வழிகாட்டும் குச்சியான பூஜி, ஆறாம் நம்பர் டியூப். குறுக்கே ஒரு குத்து, கூர்ப்பக்கத்தைக் கால் பக்கமாகத் திருப்பு, பிளேடை ஒட்டியே பூஜி, அதன் மேல் டியூப். அன்றைக்கும் இதெல்லாம் தெரியும். பிளேடு ட்ரேயில்தான் இருந்தது. தெரியாததால் நடந்ததல்ல அது.

பிரச்சினை எப்படி வெட்டுவது என்பதல்ல. இனி வெட்டுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்வது. அதற்கு எம்-சீலில் என்ன செய்ய?

ஜூன் 12, வியாழன்

ஆபரேஷன் தியேட்டரில் ஆக்ஸிமீட்டர் புரோபை விரலில் மாட்டி மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். 97க்குக் கீழே இறங்கவே இல்லை. டெக்னீஷியன் அண்ணனிடம் கேட்டேன், பழைய மானிட்டரின் டெமோ மோடில் இறங்குமுகச் சத்தம் இருந்தது. செல்லில் பதிந்துகொண்டேன்.

ஜூன் 14, சனி

பி.ஜி. பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். "கத்திக்குப் பதிலா ஊசி போதாதாக்கா?" மூச்சுவழிச் சிக்கல்கள் பற்றிய பிரிட்டனின் நாப்-4 அறிக்கையைச் சொன்னேன், 2011. நெருக்கடியில் ஊசிக்குழாய் வழி போனவர்களில் பத்துக்கு ஆறு போலத் தோல்வி. பையன் அதற்கப்புறம் வேகம் காட்ட ஆரம்பித்துப் குழாயின் பின்சுவரையே ஓட்டை போட்டான். அது அவனுக்கே தெரியவில்லை. இனி குழாய்க்குப் பின்னால் ஒரு பலூன், ஆழமாகப் போனால் வெடிக்கட்டும். பலூன் பாக்கெட் 30 ரூபாய். இந்த மாதம் நான் யோசித்ததில் உருப்படியானது இது ஒன்றுதான்.

அந்தப் பெண் பிள்ளை தன் கழுத்தில் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பெண்கள் கழுத்தில் கஷ்டம்தான். என் விரலைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

23.

ஜூன் 18, புதன்

23 எல்லாம் ஒல்லிக் கழுத்துக்கு.

தாடைக்கடியிலிருந்து நெஞ்சு வரை கல்லாக வீங்கிய கழுத்துக்கு என்ன செய்வது? ஸ்பாஞ்ச் அமுங்கிவிடுகிறது, ஜெலட்டின் வெயிலில் உருகுகிறது. மைதா பிசைந்தேன், சரிப்படவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தவள், "தள்ளு, இது என்ன பதம்" என்று உட்கார்ந்துவிட்டாள். இறுக்கிப் பிசைந்து, எண்ணெய் தடவி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். எடுத்து மாடலில் அப்பி, தோல் போர்த்தி அழுத்திப் பார்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இதேதான்.

"யாருக்குடி இவ்வளவு பெரிய கழுத்து?" என்றாள்.

அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 19, வியாழன்

நெடுக்குவெட்டு, எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர், அப்புறம் விரல்களால் விலக்கிக்கொண்டு உள்ளே. மாவுக்குள் பீட்ரூட் தண்ணீர் கலந்து ஒரே களேபரம். முதல் தடவை 1 நிமிடம் 50. பலூன் வெடித்தது.

ஜூன் 20, வெள்ளி

நாளை 12 பேர் பழக வருகிறார்கள். பூஜி இரண்டுதான், ஒன்று வளைந்தது. பலூன் இன்னும் ஒரு பாக்கெட். பாய்க்கு 600 பாக்கி.

இரவு 11.40. செல்லில் அந்தச் சத்தத்தை ஓடவிட்டு அம்மாவை நேரம் பார்க்கச் சொன்னேன். "நிறுத்துடி இதை, வயித்தைக் கலக்குது" என்றாள். நிறுத்தவில்லை. "கழுத்தை வெட்டப் போறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். மாவுக்குள் விரல் கிரிக்காய்டு மோதிரத்தைத் தொட்டது.

48.

இன்னொரு மாவு மீதி இருக்கிறது, காய்வதற்குள்