ஹேம்ஸ்ட்ரிங் கிழியாமல் ஒரு சீசனைக் கடத்துவது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களோடு வேலை செய்யும் நாங்கள் அதிகம் பயப்படுவது டிசம்பர் விடுமுறைக்குப் பிந்தைய வாரங்களைப் பார்த்துத்தான். விடுமுறையில் யாரும் வேகமாக ஓடுவதில்லை. அடுத்து தைப்பூசக் காவடி விரதம் வந்துவிடும். விரதம் முடிந்த கையோடு முழு வேகத்தில் ஓட விட்டால் தொடையின் பின்பக்கத் தசைகள், அதாவது ஹேம்ஸ்ட்ரிங், தாங்காது. இரண்டு வாரம் படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும்.

தொடையின் பின்பக்கம் மூன்று தசைகள். ஓட்டத்தில் அதிகம் கிழிவது வெளிப்பக்கமுள்ள பைசெப்ஸ் ஃபெமோரிஸ். பாதம் தரையில் படுவதற்குச் சற்று முன், முன்னே வீசிய காலை அந்தத் தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துகிறது. பிடிக்கும் வலு போதாவிட்டால் நார் அறுகிறது. அதனால் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி மட்டும் போதாது. நீளும்போதே தாங்கும் வலு வேண்டும்.

அதைத் தருவது நார்டிக் பயிற்சி. மெத்தையில் முட்டி போட்டு நிற்க, ஒருவர் குதிகால்களை அழுத்திப் பிடிக்க, முட்டியிலிருந்து தலைவரை நேர்கோடாக மெல்ல முன்னே சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி, கையாலேயே தள்ளி எழலாம். இடுப்பை மடித்தால் பலன் போய்விடும். முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 முறை வீதம் 2 செட். மூன்றாம் வாரம் முதல் மூன்று நாள், 3 செட்: முதலில் 6-8 முறை, அடுத்த வாரம் 8-10. ஐந்தாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம்வரை மூன்று செட்டில் முறையே 12, 10, 8 முறை. மூன்றாம் நாளை வீட்டிலேயே, யாராவது உட்கார்ந்த சோஃபாவின் அடியில் குதிகாலை மாட்டிச் செய்யலாம்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது முதல் வாரத்து வலியால்தான். எடுத்த எடுப்பிலேயே 3 செட் கொடுக்கும் கோச்தான் அதற்குக் காரணம். சீசன் நடக்கும்போது வாரம் ஒருநாள் போதும்: செவ்வாய், பயிற்சியின் கடைசியில். ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். வியாழனன்று 20-30 மீட்டர் முழு வேக ஓட்டம் 4-6 முறை, நடுவில் நன்றாக மூச்சு வாங்கவிட்டு. பயிற்சியில் முழு வேகத்தையே தொடாத கால், ஆட்டத்தின் கடைசிக் கால் மணியில் களைத்த நிலையில் அதைத் தொட்டால் பிய்த்துக்கொள்ளும்.

'சுருக்'கென்று குத்தி ஆட்டக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றால் உடனே வெளியே கூட்டி வாருங்கள். வெறும் தசைப்பிடிப்பு சில நிமிடத்தில் விட்டுவிடும், கிழிவு விடாது. தயவுசெய்து சுளுக்கு எண்ணெய் போட்டு உருவாதீர்கள். முதல் சில நாள் அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் இரத்தக் கசிவைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் 10-15 நிமிடம், பிறகு கட்டு. உட்காரும் எலும்பருகே வலி, பெரிதாக நீலம் பாரித்தல், நடக்க முடியாமை இருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

வலி போனது மட்டும் திரும்ப ஆடப் போதாது. அழுத்தினால் வலிக்கக் கூடாது, இரு காலும் ஒரே அளவு நீள வேண்டும், பயிற்சியில் பலமுறை முழு வேகத்தில் தயங்காமல் ஓட வேண்டும். ஒருமுறை கிழிந்த கால் மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம், அதுவும் திரும்பிய முதல் வாரங்களில். அப்படிக் கிழிந்தவர்களுக்கு நார்டிக்கை ஒரு வாரம்கூட விடுவதில்லை.