ஓராச் சொதியும் மாமியின் கல்லுப்பும்

நான் பிறந்து வளர்ந்தது முல்லைத்தீவுக் கடற்கரையில். வாழ்க்கைப்பட்டது முத்தையன்கட்டுப் பக்கம். பெரிய தூரம் இல்லை, ஆனால் சட்டிக்குள் எட்டிப் பார்த்தால் வேறு நாடு. அங்கே விடிய வலையில் வந்த சூடை, ஓரா, நண்டு. இங்கே குளத்து விராலும் யப்பான் மீனும். எனக்குச் சேற்று மணம் பிடிக்காது. "கடற்கரைப் பிள்ளைக்கு நாக்கு நீளம்" என்பார் மாமி.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி குசினியைப் பார்த்து, "என்ன உப்புப் போடுறீங்கள், அயடின் சேர்த்ததே?" என்று கேட்டார். மாமி பெருமையோடு அடுப்புக்கு மேலே தொங்கிய சிரட்டையைக் காட்டினார். தெரிந்தவர் ஒருவர் ஆனையிறவுப் பக்கமிருந்து உரப்பையில் கட்டிக் கொண்டுவந்த கல்லுப்பு. "கடல் உப்பில இல்லாத அயடினே?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லையாம்.

கணிதம் படிப்பிக்கிறவளுக்குக் கணக்குப் பார்க்காமல் நித்திரை வராது. ஒரு லீற்றர் கடல் நீரில் உப்பு ஏறக்குறைய 35 கிராம். அயடின் வெறும் 60 மைக்கிரோகிராம் அளவு. நாளொன்றுக்கு 5 கிராம் உப்புச் சாப்பிட்டால், அயடின் முழுவதும் உப்போடேயே வந்தாலும் 9 மைக்கிரோகிராமைத் தாண்டாது. பாத்தியில் உப்பு விளையும்போது அதிலும் பெரும்பங்கு கழிவு நீரோடு போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்கிரோகிராம், கர்ப்பிணிக்கு 250. கிலோவுக்கு 20 மில்லிகிராம் அயடின் சேர்த்த உப்பென்றால் அதே 5 கிராமில் 100 மைக்கிரோகிராம் கிடைத்துவிடும். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உரப்பை உப்புக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அப்படியானால் கடல் மீனில் மட்டும் அயடின் கூட இருப்பது எப்படி? கடலில் வாழ்பவை அந்தக் கொஞ்சத்தை இழுத்து இழுத்துத் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. இந்த விசயத்தில் சாதாளை என்கிற கடற்பாசிதான் பெரிய கஞ்சன். 1811இல் பிரான்சில் கூர்ட்டுவா என்பவர் அயடினைக் கண்டதே கடற்சாதாளையின் சாம்பலில்தான். ஊதா நிற ஆவியாக எழும்பியதாம். கரையில் ஒதுங்கும் சாதாளையை அப்பா அள்ளிவந்து தென்னைக்குத் தாட்பார். சின்ன வயதில் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதற்காக இப்போது சாதாளையை அவித்துத் தின்னக் கிளம்ப வேண்டாம். சில வகைகளில் அயடின் அளவுக்கு மிஞ்சி இருக்கும், மிஞ்சினாலும் கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பி குழம்பும். அதை மேய்கிற ஓராவைச் சொதி வைத்தால் போதும்.

குறைந்தால் என்ன ஆகும் என்று மாமிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய அக்காவுக்குக் கழுத்தில் கண்டக்கழலை இருந்தது. அயடின் போதாமல் தைரொயிட் சுரப்பி வீங்கும் என்றதும் பேசாமல் இருந்தார். வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளைக்கும் அது வேண்டும் என்றபோதுதான் சிரட்டை இறங்கியது.

பக்கற் உப்பு மூடியுள்ள போத்தலுக்குப் போனது. அடுப்புச் சூட்டிலும் ஈரத்திலும் அயடின் குறையும் என்பதால் சொதியை இறக்கிய பிறகுதான் உப்பு. முட்டை ஒன்றில் 25 மைக்கிரோகிராம் அளவு வரும், தயிரிலும் உண்டு. மாடும் கோழியும் என்ன தின்றன என்பதைப் பொறுத்துக் கூடிக் குறையும். குளத்து மீனில் கடல் மீனைவிட மிகக் குறைவு. எனவே மீன்காரத் தம்பியின் மோட்டார் சைக்கிள் கோர்ன் கேட்டால் இப்போது என்னை யாரும் நக்கலடிப்பதில்லை.

மரவள்ளியில் உள்ள ஒரு பொருள் அயடினின் வேலையைக் கெடுக்கும் என்று வாசித்தேன். மாமியிடம் சொல்லவில்லை. மரவள்ளியே சாப்பாடாகி அயடினும் கிடைக்காத இடத்தில்தான் அது பெரிய பிரச்சினை. எங்கள் ஒடியல் கூழில் மரவள்ளித் துண்டோடு நண்டும் இறாலும் மீன் தலையும் கிடக்கின்றன.

கல்லுப்பு மிச்சம் அப்படியே இருக்கிறது. மோர்மிளகாய்க்கும் ஊறுகாய்க்கும் அதுதான் வேண்டும் என்கிறார் மாமி. போடட்டும்.