விதியை அப்புறம் சொல்லலாம், முதலில் முகத்தை வரை

செயலித் திரை டிசைன் படிக்க வரும் பிள்ளைகளிடம் ஹிக்ஸ் விதி என்ன என்று கேட்டுப் பாருங்கள். எஸ்பிஎம் பள்ளியிறுதிப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த மாதிரி கடகடவென்று ஒப்பிப்பார்கள்: 1952, தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும். சரி, அப்படியானால் இந்தத் திரையில் எதைத் தூக்கலாம் என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அதனால்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை நடத்தும் வகுப்பில் ஸ்லைடுகளை ஓரங்கட்டிவிட்டுப் படக்கதைக்கு மாறினேன். ஓவியம் வராது என்று யாரும் நழுவ முடியாது, நான் வரையும் ஆட்களுக்கே கை எது கால் எது என்று தெரியாது. ஒரே கட்டுப்பாடு, கதையில் வருபவரின் நினைப்பை அவர் பேசுகிற பேச்சிலேயே எழுத வேண்டும். 'அறிவுச்சுமை' மாதிரி பாடப்புத்தகச் சொற்களுக்கு அங்கே இடமில்லை.

ஒரு கதை சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா. முதல் கட்டத்தில் வேலை முடிந்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து கைப்பேசியில் கரண்டு பில் கட்டப் பார்க்கிறார். அடுத்ததில் செயலி, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க உறுதி எண்ணை, அதாவது டாக் நம்பரைக் கேட்கிறது. எஸ்எம்எஸ்ஸைத் திறக்கிறார், அந்த நேரம் பார்த்து மகன் வந்து "அம்மா, பசிக்குது" என்கிறான். திரும்பி வந்தால் செயலி முதல் பக்கத்துக்கே போய்விட்டது, நம்பரில் பாதிதான் ஞாபகம். கடைசிக் கட்டத்தில் எழுத்தே கிடையாது, முகம் மட்டும்.

அந்த முகத்தை நான் வரைவதில்லை, பிள்ளைகள்தான் வரைய வேண்டும். பெரும்பாலும் கோபமாகத்தான் வரைந்தார்கள். ஒரு பெண் மட்டும் தலை குனிந்து வெட்கப்படுகிற மாதிரி வரைந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "தனக்குத்தான் இதெல்லாம் தெரியலன்னு நினைப்பாங்க, சார்." அதுதான் சரி. திட்டுகிறவர் புகார் செய்வார், வெட்கப்படுகிறவர் சத்தமில்லாமல் செயலியை விட்டுவிட்டு மறுபடி கவுண்ட்டர் வரிசையில் போய் நிற்பார், நமக்குத் தெரியவே தெரியாது.

அதற்கப்புறம்தான் உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லரை இழுத்து வந்தேன். ஒரே நேரத்தில் மனத்தில் எத்தனை விஷயத்தை நிறுத்த முடியும் என்பதற்கு 1956-இல் அவர் சொன்ன கணக்கு: ஏழு, கூட இரண்டு அல்லது குறைய இரண்டு. 2001-இல் இன்னொரு உளவியல் அறிஞர் நெல்சன் கோவன் அதை நாலு வாக்கில் இறக்கினார். ஆறு இலக்கம் மில்லர் கணக்குக்குள் அடங்கும்தான், ஆனால் சோறு கேட்கும் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லையே. இனி நான் தீர்வு சொல்ல வேண்டியதில்லை: செயலி விட்ட இடத்திலேயே காத்திருக்கட்டும், எண்ணை எஸ்எம்எஸ்ஸிலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டும் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

அடுத்த கதை கார் கழுவும் கடை. ஜோசப் நூன்ஸும் சேவியர் ட்ரேஸும் 2006-இல் வெளியிட்ட சோதனை இது. கழுவும்போதெல்லாம் கார்டில் ஒரு முத்திரை, கார்டு நிறைந்தால் ஒரு கழுவல் இலவசம். ஒரு கூட்டத்துக்கு எட்டு முத்திரைக் கார்டு, இன்னொரு கூட்டத்துக்குப் பத்து முத்திரைக் கார்டு, ஆனால் அதில் இரண்டு முத்திரை ஏற்கெனவே குத்தியிருக்கும். இரண்டுக்கும் எட்டுத் தடவைதான் கழுவ வேண்டும். முதல் கூட்டத்தில் 19 சதவீதம் பேர் கார்டை முடித்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம்.

கார்டு ஏற்கெனவே தொடங்கிவிட்ட மாதிரி காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா என்று வகுப்பில் ஒரே சண்டை. வாடிக்கையாளரிடம் காட்ட முடியாத கட்டம் கதையில் இருந்தால் அது ஏமாற்றுதான் என்றேன் நான். பக்கத்தைப் புதுப்பித்ததும் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடும் 'சலுகை முடியப் போகிறது' கடிகாரம் அப்படிப்பட்டது. "அப்படின்னா முதலாளி ரெண்டு முத்திரை குத்துற கட்டம்?" என்று மடக்கினான் ஒருவன். அதைக் காட்டினாலும் ஆள் வருவான், இலவசக் கழுவல் நிஜம்தானே என்பது இன்னொருவன் கட்சி. அவன் அண்ணன் வேலை செய்யும் மோட்டார் சைக்கிள் கழுவும் கடையில் கார்டு அடித்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். முதலாளிதான் ஓசியில் ஒரு கழுவலா என்று இழுத்துக்கொண்டிருக்கிறாராம்.