குறையைச் சொல்லி விற்ற விளம்பரம்

விளம்பரவியல் படிக்கச் சேர்ந்தபோது, எதையும் ஊதிப் பெரிதாக்கத்தான் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய கார் விளம்பரம்.

1959. அமெரிக்காவில் பெரிய கார்தான் பெருமை. ஃபோக்ஸ்வேகனின் பீட்டில் என்ற சிறிய காருக்காக டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் செய்த விளம்பரத்தில் பெரும்பகுதி வெறும் வெள்ளை. ஒரு ஓரமாகக் குட்டிக் கார். 'சிறிதாக யோசியுங்கள்' என்று தலைப்பு. எழுதியவர் ஜூலியன் கோனிக், வடிவமைத்தவர் ஹெல்முட் க்ரோன். காசு கொடுத்து வாங்கிய இடத்தைக் காலியாக விட எவ்வளவு தைரியம் வேண்டும்!

அடுத்து வந்தது இன்னும் துணிச்சல். காரின் படம், கீழே ஒரே சொல்: 'லெமன்'. அமெரிக்கப் பேச்சில் அதற்குக் கோளாறான வண்டி என்று பொருள். உள்ளே படித்தால்தான் விஷயம் புரிகிறது. காருக்குள் பொருள் வைக்கும் சிறு பெட்டியின் குரோம் பட்டையில் இருந்த ஒரு கறைக்காக அந்த வண்டியை ஏற்றுமதி செய்யாமல் நிறுத்திவிட்டார்களாம். தரத்தைப் பற்றி இதைவிட நன்றாக எப்படிச் சொல்ல முடியும்? எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் 1962-இல் கார் வாடகை நிறுவனமான ஏவிஸ், தான் இரண்டாம் இடத்தில் இருப்பதையே சொல்லி, அதனால்தான் கூடுதலாக உழைக்கிறோம் என்றது.

'இன்னும் பத்தே நிமிடம்' என்று மிரட்டும் இன்றைய இணைய விளம்பரங்களைப் பார்த்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. பக்கத்தை மறுபடி திறந்தால் சிலவற்றில் அதே பத்து நிமிடம் மீண்டும் தொடங்குகிறது.

அடுத்த வாரப் பயிற்சிக்கு ஒரு குடை கொடுத்திருக்கிறார்கள். அதன் குறையிலிருந்துதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.